நெடுந்தீவுக்கு எந்த மாதத்தில் செல்வது நல்லது?

அறுபதைக் கடந்த பெற்றோருடனும் எட்டு வயதுப் பிள்ளையுடனும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரவிருக்கும் நீங்கள், நெடுந்தீவில் ஓர் இரவாவது தங்க விரும்புவதாகவும், அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் விடுமுறையில் வருவதா, மே மாதக் கோடை விடுமுறையில் வருவதா என்று முடிவெடுக்க இயலவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் முதற் பதில். தை மாதத்தின் நடுவிலிருந்து பங்குனி தொடங்கும் வரை, அதாவது ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை, வரக்கூடியவாறு ஏதேனும் நான்கு நாட்களை நீங்கள் ஒதுக்க முடிந்தால் அதைவிட நல்ல காலம் இல்லை. முடியாதென்றால் எதை எதற்காக விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பயணக் கையேடுகள் பெரும்பாலும் இலங்கையை இரண்டாகப் பிரித்து, தெற்குக்கும் மேற்குக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை, வடக்குக்கும் கிழக்குக்கும் மே முதல் செப்டெம்பர் வரை என்று எழுதிவிடுகின்றன. மழை பெய்யாத மாதமே நல்ல மாதம் என்பது அவற்றின் கணக்கு. திருகோணமலைக் கடற்கரைக்கு அந்தக் கணக்குப் பொருந்தலாம். நெடுந்தீவுக்கு அது பொருந்தாது. ஒரு மணி நேரம் படகில் கடந்து சென்று, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) தரையில் அமைந்த, மரநிழல் குறைந்த, ஆறு எதுவும் இல்லாத ஒரு தட்டையான தீவுக்குப் போகிறவர் பார்க்க வேண்டியவை இரண்டு: கடலின் மேல் எந்தக் காற்று வீசுகிறது என்பதும், தீவின் குளங்களிலும் துரவுகளிலும் எவ்வளவு நன்னீர் நிற்கிறது என்பதும். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்து நன்றாக இருக்கும் காலம் ஆண்டில் ஏழு, எட்டு வாரங்களுக்கு மேல் இல்லை.

முதலில் கடலைப் பற்றிச் சொல்கிறேன். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி (கடலுக்குக் குறுக்கே மேடிட்டுப் போட்ட சாலை) வழியாக வேலணை, புங்குடுதீவு ஆகிய தீவுகளைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸிலோ வாகனத்திலோ வரலாம். அதுவரை பாலமும் தாம்போதியும் உண்டு. அதற்கப்பால் படகு மட்டுமே. குறிகட்டுவானிலிருந்து தென்மேற்காகச் செல்லும் இந்தக் கடல்வழி பாக்கு நீரிணையைச் சேர்ந்தது, ஆழம் மிகக் குறைந்தது. இந்துமாக்கடலின் நீண்ட பெரிய அலைகள் இங்கே வந்து சேர்வதில்லை. இங்குள்ள அலையை எழுப்புவது அன்றன்று வீசும் காற்றுத்தான். ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை உயரத்தில் பெரிதாக இராவிட்டாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். படகு ஓர் அலையில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து அடிக்கும். பெரிய கடலில் பழகியவர்கள்கூட இங்கே வாந்தி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். காற்று தணிந்தால் கடலும் விரைவில் தணிந்துவிடும் என்பது இதில் உள்ள ஆறுதல்.

எங்கள் பகுதியில் கடலோடிகள் காற்றை நான்காகப் பிரிப்பார்கள். வடக்கையும் வடகிழக்கையும் சார்ந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கையும் தென்மேற்கையும் சார்ந்தது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். (கச்சான் என்ற சொல் யாழ்ப்பாணத்தில் நிலக்கடலையையும் குறிக்கும், கடையில் கேட்டால் காற்றைத் தரமாட்டார்கள்.) இவற்றுள் பயணிக்கு முக்கியமானவை வாடையும் சோளகமும். வாடை நவம்பரில் வலுப்பெற்று ஜனவரி வரை நீடிக்கும். சோளகம் மே மாதத்தின் பிற்பாதியில் தொடங்கி செப்டெம்பர் வரை ஓயாமல் வீசும். படகின் திசையை வைத்துப் பார்த்தால், சோளகத்தில் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. வாடையில் இது தலைகீழாகிவிடும். ஆனால் வாடைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெடுந்தீவின் இறங்குதுறை தீவின் வடபக்கத்தில் இருப்பதால் வாடை நேராக அங்கேயே அலையை அடிக்கிறது. நடுக்கடலைக் கடந்த பிறகும் படகிலிருந்து துறையில் கால் வைப்பது முதியவர்களுக்குக் கடினமாகிவிடும். இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலமும், ஒக்டோபரின் முதற்பாதியுமே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் நாட்கள்.

கடலை மட்டும் பார்த்தால் பெப்ரவரியும் ஏப்ரலும் ஒக்டோபரும் ஒன்றுபோலத் தோன்றும். தீவில் இறங்கினால்தான் வேறுபாடு தெரியும்.

யாழ்ப்பாணப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரிக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நெடுந்தீவின் சுண்ணக்கல் தரை அந்த நீரை உறிஞ்சி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலாக ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக வைத்திருக்கிறது. தரைக்கு மேலே பள்ளங்களிலும் குளங்களிலும் மிச்சம் தேங்கும். அடுத்த மாரி வரை மனிதர், மாடு, ஆடு, குதிரை எல்லாவற்றுக்கும் இதுவே இருப்பு. மாதங்கள் செல்லச்செல்ல மேலிருந்து வெயிலும் கீழிருந்து உப்பும் அதைத் தின்றுகொண்டே வரும். சாராப்பிட்டிக் கிணறுகளைப் போன்ற சில இடங்களில் மட்டும் நல்ல நீர் நிலைத்திருக்கும். பல கிணறுகளில் ஆடி, ஆவணியாகும்போது நீர் சவர்த்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தீவில் இருந்தாலும் அது மனிதருக்கானதே. மேய்ச்சல் நிலத்துக்கு மழையைத் தவிர வேறு வழியில்லை.

இதனால் தீவின் தோற்றமே மாறிவிடுகிறது. ஜனவரி கடைசியில் நீங்கள் இறங்கினால், முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு இருபுறமும் புல் பச்சையாக நிற்கும். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசும்புல் வெளியும் ஆங்காங்கே வானத்தைக் காட்டும் நீர்த்தேக்கங்களும் இருக்கும். பசுக்களில் பால் மிகுதியாக இருக்கும் காலமும் அதுவே. மாரியின் ஈரம் காய்ந்துவிட்டதால் உட்பாதைகளில் ஓட்டோவோ சிறு வாகனமோ புதையாமல் ஓடும். பகல் வெப்பநிலை முப்பது பாகையை ஒட்டியே இருக்கும்; இரவில் கடற்காற்றுக்குப் போர்வை தேடுவீர்கள். வழியில் தாம்போதிகளின் இருபுறமும் வலசை வந்த நீர்ப்பறவைகள் திரும்பிச் செல்லாமல் இருப்பதும் ஒரு கூடுதல். அதே இடத்தை ஓகஸ்டில் பார்த்தவர், இது வேறொரு தீவு என்றுதான் சொல்வார்: பழுப்பேறிய தரை, கற்களின் கண்கூசும் வெளிறல், காற்றோடு பறக்கும் புழுதி.

பெரும்பாலானோர் நெடுந்தீவுக்கு வருவது குதிரைகளைப் பார்க்கத்தான் என்பதால் அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, தீவுக்குத் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்ஃப்ற் என்று பெயர் சூட்டிய ஒல்லாந்தரால் பெருக்கப்பட்டு, ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரியின் மேற்பார்வையிலும் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவையே இன்று கட்டாக்காலியாகத் திரியும் இந்த மட்டக்குதிரைகள். அவை மேயும் தென்பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு முரண் இருக்கிறது. குதிரைகளை மிக அருகில், கூட்டமாக, உறுதியாகக் காண வேண்டுமானால் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறட்சிக் காலமே வசதியானது. வேறெங்கும் நீர் இல்லாததால் எஞ்சிய இரண்டு மூன்று நீர்நிலைகளைச் சுற்றியே அவை நிற்கும். படம் எடுப்பவர்கள் சிலர் அதற்காகவே அந்த மாதங்களைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அப்போது நீங்கள் காண்பது விலா எலும்பு தெரியும் உயிர்களை. மழை பிந்திய ஆண்டுகளில் நீரின்றிக் குதிரைகள் இறந்துபோவதும் உண்டு. சேற்றில் புதைந்து எழமுடியாமல் கிடந்த ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், அதன் பிறகு செப்டெம்பரில் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். பெப்ரவரியில் நீர் எங்கும் இருப்பதால் அவை சிதறி மேயும், நீங்கள் ஒரு மணி நேரமாவது தேட வேண்டியிருக்கும், கிட்டப் போனால் விலகி ஓடும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்ட வேண்டியது அந்த ஓட்டத்தைத்தான் என்பது என் எண்ணம்.

மார்ச் நடுவுக்குப் பிறகு என்ன குறை என்று கேட்கலாம். கடல் இன்னும் அமைதியாகவே இருக்கும்; குறை வெயிலில்தான். நெடுந்தீவு ஏறத்தாழ 9.5 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் ஒருமுறை வரும். அந்த நாட்களில் நண்பகலில் உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளிலோ, மேற்குப் புறத்தில் வெடியரசன் கோட்டை என்று மக்கள் சொல்லும் கற்குவியலிலோ, தென்முனைக் குயிந்தா கோபுரத்திலோ ஒதுங்குவதற்கு இடமே இராது. வெண்ணிறச் சுண்ணக்கல் தரை கீழிருந்தும் வெப்பத்தைத் திருப்பி வீசும். உள்ளே ஆள் நுழைந்து நிற்கக்கூடிய பெருக்கமரத்தின் (பாவோபாப்) பொந்து ஒன்றே அந்நேரத்தில் இளைப்பாற ஏற்ற இடம் என்று ஒரு நண்பர் சொல்வார். ஏப்ரலில் வருவதென்றால் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் மட்டுமே வெளியே சுற்ற வேண்டும். அதற்கு இரவு தங்குவது கட்டாயமாகிறது. ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் சரியாக உச்சி வேளையில்தான் தீவில் இருப்பார்கள்.

மே மாதத்தின் முதல் பத்து நாட்கள் ஏப்ரலின் நீட்சிதான். சோளகம் இன்னும் முழுமையாக எழுந்திராது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் காற்று ஏறும். ஜூன், ஜூலை மாதங்களில் காலைப் படகில் ஏறினால்கூட முன்பக்கத்தில் இருப்பவர்கள் நனைந்துவிடுவார்கள். படகு பெரும்பாலும் ஓடும், ஆனால் அந்தப் பயணத்தை உங்கள் பெற்றோர் மகிழ்ச்சியோடு நினைவுகூரமாட்டார்கள். தென்கரையில் அலை கடுமையாக இருப்பதால் பிள்ளையைக் கடலில் இறக்கவும் முடியாது. அந்தக் காலத்துக்கென்று ஒரு சிறப்பு உண்டென்றால் அது பனையில்தான் இருக்கிறது. தீவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் அடர்ந்து நிற்கும் பனைகளில் மே, ஜூனில் நுங்கு கிடைக்கும். ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பன்று பனங்கட்டி போட்ட ஆடிக்கூழ் காய்ச்சுவார்கள். ஆடி கழியப் பனம்பழம் விழத் தொடங்கும். உணவுக்காகப் பயணம் செய்கிறவர் என்றால் நான் சொன்ன குறைகளை மறந்துவிட்டு அப்போது வரலாம். மே 15 அன்று தீவில் இருக்க நேர்ந்தால் அது துக்க நாள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1985 இல் அதே நாளில், குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் முப்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

ஒக்டோபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடல் அமைதியாக, தீவு மிக வறண்டதாக இருக்கும். மழை என்று தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நவம்பரும் டிசம்பரும் வேறு வகை. மழை நாளெல்லாம் பெய்வதில்லை. இடையில் இரண்டு மூன்று நாள் வானம் வெளுத்து, தீவு புதிதாகக் கழுவி எடுத்ததுபோல இருக்கும், அந்த அழகை மறுக்க முடியாது. ஆனால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு நிலை) உருவாகும் மாதங்களும் இவையே. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல், 2008 நவம்பரில் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்த நிஷா, 2020 டிசம்பரில் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி மன்னார் வளைகுடாவில் நாட்கணக்கில் தங்கிய புரெவி என எல்லாமே இந்த இரு மாதங்களில் வந்தவை. புயல் வராவிட்டாலும் வாடை சற்றுக் கடுத்தாலே படகுச் சேவை நிறுத்தப்படும். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் ஒருநாள் பயணமாகப் போன நான் மூன்றாம் நாள்தான் திரும்பினேன். எனக்கு யாழ்ப்பாணத்தில் வீடு இருந்தது, விமானம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் அது இப்போது சிரித்துக்கொண்டே சொல்லும் கதையாகிவிட்டது. உங்களுக்கு அப்படி இராது. நீங்கள் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் வர எண்ணியிருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையும் மாரிக் காலத்தில் வானிலை காரணமாக நிறுத்தப்படுவது வழக்கமாக இருக்கிறது. யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்கு விமானத்தில் வருவதே அந்த மாதங்களுக்குப் பொருத்தம்.

காற்றும் நீரும் இப்படியிருக்க, கூட்டமும் ஒரு கணக்கில் வரும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிறவர்களைவிட நயினாதீவுக்குப் போகிறவர்களே பல மடங்கு. ஆனி மாதத்தில் அங்கே நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் நாட்களிலும், அங்குள்ள பௌத்த ஆலயமான நாகவிகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து மக்கள் வரும் பௌர்ணமி விடுமுறைகளிலும் பஸ்ஸிலும் துறையிலும் நெரிசல் இருக்கும். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் நாட்களில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பதே அரிது. நான் பரிந்துரைக்கும் காலத்துக்குள் வரும் ஒரேயொரு விலக்கு கச்சதீவு அந்தோனியார் திருவிழா. கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்தில் இருப்பதால் அந்த நாட்களில் குறிகட்டுவான் துறையும் படகுகளும் யாத்திரிகர்களுக்கென்றே இயங்கும். அண்மைய ஆண்டுகளில் அது கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்து பத்தாம் நாளான சனிக்கிழமையோடு நிறைவுறுகிறது: 2023 இல் மார்ச் 3, 4, 2024 இல் பெப்ரவரி 23, 24, 2025 இல் மார்ச் 14, 15. நீங்கள் வரும் ஆண்டின் தேதியைப் பார்த்து, அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்த்தால் பெப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு எடுப்பது கடினம் என்பீர்கள். அப்படியானால் டிசம்பருக்கும் மேக்கும் நடுவில் நீங்கள் எண்ணிப் பார்க்காத ஒரு விடுமுறை இருக்கிறது: பொங்கல். பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ புறப்பட்டு வரலாம். வாடை முழுவதும் ஓய்ந்திராது, ஆனால் தாழமுக்கங்களின் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும், தீவு முழுப் பசுமையோடு இருக்கும். ஜனவரி 26 வார இறுதியை ஒட்டி வரும் ஆண்டானால் அது இன்னும் மேல். பத்து நாள் வித்தியாசத்தில் கடல் மேலும் அடங்கியிருக்கும். இவையும் முடியாமல் டிசம்பர், மே இரண்டில் ஒன்றுதான் என்றால், முதியவர்கள் உடன் வருவதால் மே முதல் வாரத்தையே சொல்வேன்: வெயிலை நிழலில் இருந்தும் நேரம் பார்த்தும் சமாளிக்கலாம், ஓடாத படகை எதனாலும் சமாளிக்க முடியாது. நீங்கள் தனியாக வருகிறவராக இருந்திருந்தால் டிசம்பர் என்று சொல்லியிருப்பேன்.

எந்த மாதமானாலும் திரும்பும் விமானத்துக்கு முதல்நாள் நெடுந்தீவில் இருக்காதீர்கள்; நடுவில் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளாவது விடுங்கள். தங்குமிடம் சில வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் மட்டுமே உண்டு என்பதால் முன்கூட்டியே பேசிவிடுங்கள், பேசும்போது அறையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் “கடல் எப்படி இருக்கிறது, போன கிழமை படகு ஒழுங்காக ஓடியதா?” என்று கேளுங்கள், கைப்பேசியில் வரும் வானிலைப் படத்தைவிட அந்தப் பதில் உங்களுக்கு உதவும். படகு நேரங்கள் மாறுவதுண்டு, ஆகவே முதல்நாள் மாலையே உறுதி செய்துகொள்வது நல்லது. பகல் ஏற ஏறக் கடற்காற்று கூடும் என்பதால், பெற்றோரைக் காலையின் முதற் படகிலேயே ஏற்றி, முன்பக்கம் வேண்டாமென்று நடுப்பகுதியில் உட்கார வையுங்கள்.